ஓர்ட்னுங் வகுத்த வாழ்வும் ஓரறைப் பள்ளியும்

குழந்தைத் திருமுழுக்கை மறுத்து, விவரம் அறிந்த வயதில் விரும்பிப் பெறுவதே திருமுழுக்கு எனக் கொண்ட அனபாப்டிஸ்டுகளிடையே, சுவிட்சர்லாந்திலும் அல்சாசிலும் 1693ஆம் ஆண்டில் பிளவு நேர்ந்தபோது, கடுமையான சபை ஒழுங்கை வலியுறுத்திய யாக்கோப் அம்மானின் வழி நின்றோர் ஆமிஷ் எனப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர்.

இம்மரபின் அளவுகோல் ஓர்ட்னுங் எனப்படும் ஒழுங்குமுறையாகும். இது பெரும்பாலும் எழுதிவைக்கப்படாதது. இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபை வட்டமும் தனக்கெனப் பேணுவது. புதியது என்பதாலேயே எதுவும் விலக்கப்படுவதில்லை; அண்டை வீட்டாரின் கை தேவைப்படாத நிலையை ஒரு கருவி உண்டாக்குமா என்பதே முதன்மையான கேள்வி. அதனால்தான் வீட்டுக்குள் தொலைபேசியை மறுக்கும் வட்டங்கள் பல, வயலோரச் சிறு கொட்டகையில் பலருக்கும் பொதுவாக அதை வைக்க இசைகின்றன. மெதுவாகச் செல்லும் வண்டிக்குரிய செம்மஞ்சள் முக்கோணத்தைக்கூட ஏற்காத சுவார்ட்சென்ட்ரூபர் பிரிவினர் ஒரு முனையிலும், 1960களில் ஒகையோவின் ஹோம்ஸ் மாவட்டத்தில் தோன்றி, ஞாயிறு பள்ளியை வரவேற்ற புதிய ஒழுங்குப் பிரிவினர் மறுமுனையிலும் நிற்க, பழைய ஒழுங்கினரே நடுவில் பெருந்தொகையினராக உள்ளனர்.

கல்வியிலும் அளவுகோல் இதுவே. ஊர்தோறும் இருந்த சிறு பள்ளிகளை மூடி, பிள்ளைகளைத் தொலைவிலுள்ள பெரிய பள்ளிகளுக்கு அரசு அனுப்பத் தொடங்கியபோதுதான் ஆமிஷ் மக்கள் தம் ஓரறைப் பள்ளிகளைப் பெருக்கினர். அங்கே எட்டு வகுப்புகளும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. தாமும் எட்டாம் வகுப்போடு நின்ற, பெரும்பாலும் மணமாகாத இளம்பெண்ணே ஆசிரியை. வீட்டில் பென்சில்வேனிய ஜெர்மன் பேசும் பிள்ளைகள் அங்கே ஆங்கிலத்தில் கற்று, மறைநூலுக்கென ஏட்டு ஜெர்மனும் பயில்கின்றனர். மூத்த பிள்ளை இளையதற்கு வாய்ப்பாடு சொல்லித்தரும் இவ்வமைப்பைக் குறைக்கல்வி எனத் தள்ளுவது அதன் நோக்கையே அறியாமையாகும்.

எட்டாம் வகுப்புக்குப் பின் பிள்ளைகளைப் பதினாறு வயதுவரை பள்ளிக்கு அனுப்பாததற்காக விஸ்கான்சினில் பெற்றோர் மூவருக்குத் தலா 5 டாலர் தண்டம் விதிக்கப்பட்ட வழக்கில், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆமிஷ் மக்களின் சமயவுரிமையை ஏற்றது. எனினும் நீதிபதி டக்ளஸ், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் எனப் பகுதியளவில் மாறுபட்டார். தானே தேர்ந்து பெறாத திருமுழுக்கு செல்லாது எனச் சொல்லிப் பிறந்த மரபின் முன் வைக்கப்பட்டதால், அவர் எழுப்பிய அக்கேள்வி வெளியாரின் குறுக்கீடாக அல்லாமல், அம்மரபின் வேரிலிருந்தே எழுந்ததாக ஒலிக்கிறது.