பேனா யார் கையில்?

நம் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிலர், "நூறு தடவைக்கு மேல் ஒட்டுப் போட்ட சட்டம் சார் இது" என்று அலுத்துக்கொள்வார்கள். கணக்கு சரிதான். 2023-ல் வந்த பெண்கள் இட ஒதுக்கீடு 106-வது திருத்தம். ஆனால், ஒட்டுப் போட முடிகிற துணியைத்தான் யாரும் தூக்கிப் போடுவதில்லை. அக்கம்பக்கம் பாருங்கள். பாகிஸ்தான் 1956, 1962, 1973 என்று மூன்று அரசியல் சட்டங்கள் எழுதிப் பார்த்தது. அங்கே ராணுவம் ஒரு காரணம் என்பது வேறு கதை. இலங்கை 1972-ல் ஒன்று எழுதி, ஆறே வருஷத்தில் இன்னொன்று எழுதியது. நம்மிடம் 1950-லிருந்து ஒரே புத்தகம்தான்.

அந்தப் புத்தகத்தில் முதல் திருத்தம் விழக் காரணமே நம் சென்னைதான், தெரியுமோ? சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இங்கே பெரியார் உட்படப் பலரும் கொதித்தார்கள். ஜூனில் 15(4) வந்துவிட்டது. இன்றைக்குக் கல்லூரிகளில் இருக்கும் இட ஒதுக்கீட்டுக்கு அதுதான் வேர்.

இதுவரை கைதட்டலாம். அதே திருத்தத்துக்குள் இன்னொரு சமாச்சாரமும் இருந்தது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பத்திரிகைக்கு சென்னை அரசு போட்ட தடையை 1950-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்திருந்தது. உடனே, 'பொது ஒழுங்கு' என்ற பெயரில் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்துவிட்டார்கள். கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால், ஒரே கதவு வழியாக வரமும் வந்தது, விலங்கும் வந்தது. அதுவும் முதல் பொதுத்தேர்தல் நடப்பதற்கு முன்பே!

அந்தக் கதவின் பூட்டு எப்படிப்பட்டது? நான் பி.காம். ஒரு ஊறுகாய் கம்பெனி தன் சங்க விதிகளை மாற்ற வேண்டுமென்றால், சிறப்புத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தில் படித்தேன். அரசியல் சட்டத்தின் 368-வது பிரிவு கேட்பது, அவையின் மொத்த பலத்தில் பாதிக்கு மேல், ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. நீதிமன்றங்கள், மத்திய - மாநில அதிகாரப் பங்கீடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை.

ஆனால் ஒரு மாநிலத்தையே இரண்டாகப் பிளக்க? சாதாரண மெஜாரிட்டி போதும். மூன்றாவது பிரிவின்படி மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. 2014-ல் ஆந்திர சட்டசபை வேண்டாம் என்றது. அடுத்த மாதமே பார்லிமென்ட் தெலங்கானாவை நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். நியாயமில்லாத பிரிவினைக்கும் இதே வழிதானே திறந்திருக்கிறது? 2019-ல் காஷ்மீருக்கு சட்டசபையே இல்லாத நேரத்தில், அந்த மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களானது. 'தமிழ்நாடு' என்ற பெயருக்கே 1967-ல் நம் சட்டசபை தீர்மானம் போட்ட பிறகு டெல்லியில்தான் சட்டம் வர வேண்டியிருந்தது.

சரி, மூன்றில் இரண்டு பங்கு பெரிய தடைதானே என்பீர்கள். 1976-ல், எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் இருந்தபோது, 42-வது திருத்தம் அந்தத் தடையைத் தாண்டித்தான் வந்தது. எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதில் எழுதிக்கொண்டார்கள். 1980-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வரியை அடித்தது. கையில் இருந்த ஆயுதம், 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் பிறந்த 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற கோட்பாடு. பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் மறுபக்கம். ஒரே ஒரு ஓட்டு!

இவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குவது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. 1985-க்குப் பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. கட்சித்தாவலைத் தடுக்க வந்த 52-வது திருத்தத்தால், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடும் எம்.பி. பதவியையே இழக்கலாம். ஆகவே மூன்றில் இரண்டு பங்கு என்பது முந்நூற்றுச் சொச்சம் பேரின் மனசாட்சி இல்லை. நாலைந்து கட்சித் தலைவர்களின் சம்மதம்.

அரசியல் சட்டத் திருத்த மசோதாக்களுக்காவது கொறடா உத்தரவு செல்லாது என்று பத்தாவது அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்கும் ஒரு திருத்தம் வேண்டும். அந்த ஓட்டெடுப்புக்கும் கொறடா உத்தரவு வரும்!