கட்டம் சரியாக இருக்கிறதா?

நமக்கும் கட்டத்துக்கும் உள்ள உறவு ஜாதகத்திலேயே தொடங்கிவிடுகிறது. 12 கட்டம். அதில் யாராவது இடம் மாறி உட்கார்ந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். அப்புறம் பாண்டியாட்டம், தாயம், கட்டம் போட்ட லுங்கி, கட்டம் போட்ட துண்டு. (கட்சிகளில் 'கட்டம் கட்டுவது' வேறு கலை. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.) இத்தனை கட்டங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு, இது கண்ணுக்கு ஏன் பிடிக்கிறது என்று நாம் அதிகம் யோசித்ததில்லை.

அமெரிக்காவில் யோசித்திருக்கிறார்கள். ரோஸலிண்ட் க்ராஸ் என்ற கலை விமர்சகர், 1979-ல் 'அக்டோபர்' என்ற பத்திரிகையில் கட்டங்களைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். கலை விமர்சனம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரை. சாரம் இதுதான்: இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் கதையையும் இயற்கையையும் பேச்சையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தக் கட்டங்களைப் பயன்படுத்தினார்கள். கட்டம் என்றால் மௌனம்.

மோண்ட்ரியானின் கறுப்புக் கோடுகளையும் சிவப்பு, நீலச் செவ்வகங்களையும் பார்த்தால் சரி என்றுதான் தோன்றுகிறது. (கடைசிக் காலத்தில், 1942-43-ல், அவர் வரைந்த 'பிராட்வே பூகி வூகி' மட்டும் நியூயார்க் டிராஃபிக் மாதிரி ஹாரன் அடிக்கிறது.) ஆனால் அம்மணியின் கருத்தை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு வந்தால் உதைக்கிறது.

மார்கழி விடியலில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ நடந்து பாருங்கள். கோயிலின் சுற்றுகளே தெருக்களாக இருக்கிற ஊர். வாசலில் ஒரு மாமி குனிந்து புள்ளி வைக்கிறார். 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8. இதுவரைக்கும் க்ராஸ் சொன்ன மௌனம்தான். அப்புறம் மாவு விரலிடுக்கில் இழையாக இறங்குகிறது. சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடுவதில்லை. வளைக்கிறது, விலகுகிறது, தன்னையே வெட்டிக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. வந்து சேராவிட்டால் கோலம் தப்பு. எட்டணா உதைக்கிற ட்ரையல் பேலன்ஸோடு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு (பி.காம்.காரர்களைச் சொல்கிறேன்) அந்தப் பதற்றம் தெரியும். டேலி ஆகும்போது வரும் நிம்மதியும் தெரியும்.

ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே கோடுகள் ஒருமுறை வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். இப்போது 3 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. முடியாது. தனித்தனியாக 3 கோடு வேண்டும். 4-க்கு 6 என்றால் 2 கோடு. பள்ளிக்கூடத்தில் எதற்கென்று தெரியாமல் மீ.பொ.வ. என்று ஒன்று படித்தோமே, அதுதான் இது. மாமி அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். எந்தப் புள்ளிக்கு எத்தனை இழை என்று கைக்குத் தெரியும்.

இதில் ஒரு இலக்கணம் இருக்கிறது என்று 1974-லேயே எழுதியவர்கள் உண்டு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிரிதிவாசன். சொற்களை விதிப்படி கோத்து வாக்கியம் அமைவது போல, வடிவங்களை விதிப்படி கோத்துக் கோலம் அமைகிறது என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் கோலம் நுழைந்த கதை அது. மௌனத்துக்கு எதற்கு இலக்கணம்? அங்கோலாவில் சோக்வே மக்களிடம் 'சோனா' என்று ஒரு மணல் சித்திரம் உண்டு. நம் சிக்குக் கோலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். மணலில் விரலால் புள்ளி வைத்து, சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள். கதையும் கோடும் சேர்ந்தே ஓடும்.

காவிரியைத் தாண்டினால் உறையூர். கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் குறிப்பில் வரும் 'அர்கரு' மெல்லிய துணி இந்த ஊருடையது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். தறியில் பாவு நீளவாக்கில், ஊடை குறுக்குவாக்கில். அதாவது துணி என்பதே கட்டம்தான், நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நூலுக்குச் சாயம் ஏற்றி, எண்ணிக் கோத்தால் ஒளிந்திருந்த கட்டம் வெளியே வரும். கண்டாங்கியும் கூறைநாட்டுப் புடவையும் அப்படி வந்தவை. கடையில் கட்டம் போட்ட புடவை எடுக்கும்போது திருப்பிப் பாருங்கள். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்தது பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.

கலையில் கட்டத்தை எடைபோட எனக்கு இந்த ஒரு சோதனை போதும். கட்டம் வேலை செய்கிறதா, வேஷம் போடுகிறதா? மோண்ட்ரியானிடம் வேலை செய்கிறது. வாசலில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கோலத்தில் வேஷம். அதில் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும், தப்புவதற்கு வழியே இல்லை என்பதால் பார்க்க சுவாரசியமும் இல்லை. அபார்ட்மென்ட்டில் வாசலே 3 அடி, என்ன செய்வது என்பீர்கள். 3 அடியில் 5 புள்ளி தாராளமாக நிற்கும்.

எனக்கு வருத்தம் ஸ்டிக்கர் மேல்கூட இல்லை, மார்கழிக் கோலப் போட்டிகள் மேல். பரிசு பெரும்பாலும் கலர்ப்பொடி மயிலுக்கும், 'பெண் குழந்தைகளைக் காப்போம்' என்ற வாசகத்துக்கும் போகிறது. மயில் அழகுதான், வாசகமும் நல்ல வாசகம்தான். ஆனால் மூலையில் வெள்ளைமாவில் 19 புள்ளியை ஒரே இழையில் முடித்த பாட்டிக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர். நடுவர்கள் கலரைப் பார்க்கிறார்கள், இழையைப் பின்தொடர்ந்து போவதில்லை. பாட்டுப் போட்டிக்கு நடுவராக வந்துவிட்டுப் புடவைக்கு மார்க் போடுவது மாதிரி.

இந்த மார்கழிக்கு ஒரே ஒரு தெருவாவது இப்படி நடத்திப் பார்க்கட்டும். எல்லோருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு. வெள்ளை மாவு மட்டும். ஒரே கோடு, அழிக்கக் கூடாது. நடுவர் கோட்டைத் தன் விரலால் காற்றில் கடைசிவரை தொடர்ந்து பார்த்த பிறகே மார்க் போட வேண்டும். எல்லாம் ஏழு மணிக்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் பள்ளிக்கூட ஆட்டோக்கள் வந்துவிடும்.