பூக்காரம்மாவுக்கு எத்தனை சதுர அடி?

காலை ஆறரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நின்றதுண்டா? ஒருமுறை நின்று பாருங்கள். மலைக்காற்றின் குளிர் இன்னும் முழுசாகப் போயிருக்காது. மப்ளர் கட்டிய கண்டக்டர் 'சில்க் போர்டு, சில்க் போர்டு' என்று கூவிக்கொண்டிருப்பார். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்களோடு இறங்குகிறவர்களும், தலை வாரிப் பொட்டு வைத்து வேலைக்குக் கிளம்புகிறவர்களும் ஒரே டீக்கடையில் முட்டிக்கொள்வார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது கொஞ்சம் இந்தி. நாலு மொழியிலும் 'சர்க்கரை கம்மி' சொல்லலாம், மாஸ்டருக்குப் புரியும்.

சும்மா நிற்கிற நேரத்தில், ஜனங்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீ, பன், ஒரு முழம் மல்லி, ரெண்டு வாழைப்பழம், பிள்ளைக்கு பிஸ்கட், தலைவலி மாத்திரை. அறுந்துபோன பையைத் தைக்கிற ஒருவரிடமும் சின்னக் கூட்டம். யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. யாரும் பெரிய நோட்டை நீட்டவில்லை. ஆனால் எல்லாரும் ஏதோ ஒன்றை வாங்கினார்கள்.

இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மெட்ரோவுக்குப் போவோம்.

ஓசூரில் ஏறி ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டினால் பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் அதுவரை வந்துவிட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். நம்ம ஓசூர்க்காரர்கள் பலருக்கு இது பெரிய விடுதலை. சில்க் போர்டு சிக்னலில் ஆயுளைத் தொலைத்தவர்களைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள்.

இந்தத் தடத்தில் நிலையங்களின் பெயரைக் கவனித்தீர்களா? 'இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோணப்பன அக்ரஹாரா', 'பயோகான் ஹெப்பகோடி'. நிறுவனங்கள் நிலையம் கட்டப் பணம் கொடுத்தன, பெயரும் ஏறியது. இதை நான் குறை சொல்லப் போவதில்லை. டிக்கெட் காசில் மட்டும் உலகத்தில் அநேகமாக எந்த மெட்ரோவும் பிழைப்பதில்லை. மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கையே, கட்டணம் தவிர மற்ற வழிகளிலும் சம்பாதியுங்கள் என்றுதான் சொல்கிறது. பெயர், விளம்பரம், கடை வாடகை. சரிதான்.

என் வழக்கு அந்தக் கடைசி வார்த்தையோடுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மெட்ரோ நிலையத்தில் (எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாமே) அரைமணி நேரம் நண்பருக்காகக் காத்திருந்தேன். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. வரிசையாக ஆறு கடைகள். நாலில் ஷட்டர் இறங்கியிருந்தது. ஒன்றில் செல்போன் உறை விற்றார்கள். இன்னொன்று காபிக்கடை. சின்னக் கப் நூற்றிருபது ரூபாய். கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள், விலைப்பலகையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். எனக்கும் அந்தக் காபி கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம்.

கீழே, படி முடிகிற இடத்தில், ஒரு பூக்காரம்மா. பக்கத்தில் வேர்க்கடலை வண்டி. கொஞ்சம் தள்ளி ஃபிளாஸ்க்கில் டீ. அந்தப் பெண் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டே சுருங்கி அங்கே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேலே ஆறு கடையிலும் சேர்த்துப் பார்த்ததைவிட கீழே அந்த மூன்று பேரிடமும் கூட்டம் அதிகம்.

"மேலே கடை கேட்டுப் பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"யாரைக் கேக்கறது சார்? கம்ப்யூட்டர்ல எழுதிப் போடணுமாம். டெபாசிட்டு லட்சக்கணக்குல ஆவுமாம். எனக்கு எதுக்கு கடை? இந்தக் கூடை வைக்க எடம் போதும். மழை பேஞ்சா பூ நனையக் கூடாது. அவ்ளோதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு தேவையை எந்த ஆலோசனை நிறுவனமும் எழுதித் தந்திருக்காது. கூடை வைக்க இடம், தலைக்கு மேல் கூரை. மேலே அந்தக் கூரை இருக்கிறது. அதன் கீழே ஷட்டர்கள் தூங்குகின்றன.

ஏன் இப்படி? வாடகையிலிருந்து ஆரம்பித்துக் கணக்குப் போடுவதால். சதுர அடிக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, இத்தனை வருட ஒப்பந்தம் என்று முதலில் முடிவாகிறது. அதைக் கட்டக்கூடியவர் யார் என்று அப்புறம் தேடுகிறார்கள். அவர் வந்தால் அந்த வாடகையை எடுக்க நூற்றிருபது ரூபாய்க்குத்தான் காபி விற்க முடியும். அவரும் பாவம்தான். அந்த விலைக்குக் குடிக்கிறவர்கள் காரில் போகிறார்கள். ரயிலில் வருகிறவர் படியிறங்கிப் போகிறார். ஆறு மாதத்தில் ஷட்டர் இறங்குகிறது. பூட்டிய கடையின் வாடகை எவ்வளவு? பூஜ்யம்.

'நாலு ஷட்டரை வைத்துக் கதை கட்டுகிறாயா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும்.

சென்னையில் பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்தது. 1997-ல் திருமயிலை, 2007-ல் வேளச்சேரி. அந்த நிலையங்களுக்குள் நடந்திருந்தால் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. திருமயிலை நிலையத்தில் கல்யாண மண்டபம் நாலைந்தை அடுக்கி வைக்கலாம். ரயிலுக்கு இவ்வளவு இடம் எதற்கு? கடைகள் வரும், அலுவலகங்கள் வரும், வாடகை கொட்டும் என்ற கணக்கில் கட்டியது. கட்டிடம் வந்தது, கடை வரவில்லை. வருஷக்கணக்காகப் பெரும்பகுதி வெறும் சிமெண்ட் மண்டபமாகவே கிடந்தது. ஆளில்லாத மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்குமேல் நடக்கப் பெண்கள் பயந்தார்கள். கடை இல்லாததால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாததால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாததால் கடை இல்லை.

இத்தனைக்கும் திருமயிலை நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மயிலாப்பூர் மாட வீதிகள். பூ, காய், கொலு பொம்மை, தாழம்பூ குங்குமம் என்று இண்டு இடுக்கெல்லாம் வியாபாரம். நாலடி இடத்தில் குடும்பம் நடத்துகிற வியாபாரிகள் அங்கே, நாலாயிரம் அடி காலியிடம் இங்கே. இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய ஒருவர் ஜப்பானில் இருந்தார். இச்சிசோ கொபயாஷி என்று பெயர். ஹான்க்யூ ரயில் கம்பெனியை வளர்த்தவர். 1929-ல் ஒசாகா உமேடா ரயில் நிலையத்தோடு சேர்த்து ஒரு பல்பொருள் அங்காடி திறந்தார். இன்று நாம் பார்க்கிற ஸ்டேஷன் ஷாப்பிங்குக்கெல்லாம் தாத்தா அதுதான். மேல்மாடி உணவகத்தில் சோறும் கறிக்குழம்பும் பிரபலம். உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த நேரம். குழம்பு வாங்கக் காசில்லாதவர்கள் சோறு மட்டும் வாங்கி, மேஜைமேல் சும்மா வைத்திருக்கும் சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் போனார்கள். நம்ம ஊர் என்றால் முதலாளி என்ன செய்திருப்பார்? சாஸ் பாட்டிலை உள்ளே எடுத்து வைத்திருப்பார். கொபயாஷி, சோறு மட்டும் சாப்பிடுகிறவர்களையும் வரவேற்கிறோம் என்று அறிவிப்பே வைத்தார். இன்றைக்கு இவர்களிடம் காசில்லை, நாளைக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை குட்டியோடு இங்கேதான் வருவார்கள் என்பது அவர் கணக்கு என்பார்கள்.

அவர் தர்மப் பிரபு ஒன்றும் இல்லை, பக்கா வியாபாரி. ரயில் நிலையத்துக்கு வருகிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பிளாட்பாரத்தில் ஹிக்கின்பாதம்ஸ் கடையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? வாரப் பத்திரிகை படிக்கும் பழக்கமே பலருக்கு அங்கே ஆரம்பித்ததுதான். சில்லறைக் காசுக்கு ஒரு பத்திரிகை, மண் குவளையில் ஒரு டீ. இப்போதும்கூட ரயில்வே நினைத்தால் முடிகிறது. 2023-ல், முன்பதிவில்லாத பொதுப்பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே கவுண்ட்டர் போட்டு 20 ரூபாய்க்குப் பூரியும் உருளைக்கிழங்கும் விற்க ஏற்பாடு செய்தார்கள். பெட்டி எங்கே நிற்கும், அதில் யார் வருவார், அவர் பையில் எவ்வளவு இருக்கும் என்று யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு.

மெட்ரோக்காரர்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். 'சார், எங்களுக்குப் பணம் வேண்டும். கடை வருமானம் இல்லையென்றால் டிக்கெட் விலைதான் ஏறும்.' ஏறத்தான் செய்தது. பெங்களூர் மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. அந்தக் கவலை நிஜம். ஆனால் காலிக் கடையை வைத்துக்கொண்டு அந்தக் கவலையைப் பேசக் கூடாது. தினம் நூறு ரூபாய் தரும் பத்துப் பூக்கூடைகள், ஒன்றும் தராத ஒரு ஷட்டரைவிட லாபம். இதற்கு எம்.பி.ஏ. வேண்டியதில்லை.

'சுத்தம் கெடும், நெரிசல் ஆகும், தீ விபத்து ஆபத்து' என்பது அடுத்தது. இதிலும் உண்மை இருக்கிறது. நிலையத்துக்குள் அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. நடைபாதையை மறிக்கச் சொல்லவில்லை. கோடு போட்டு, எண் கொடுத்து, குப்பைக்கூடை வைத்தால் நம்ம ஜனங்கள் ஒழுங்காக இருப்பார்கள். மெட்ரோவுக்குள் எச்சில் துப்பாத அதே ஜனங்கள்தானே இவர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 2014-ல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். வாங்குகிறவரும் விற்கிறவரும் வழக்கமாகக் கூடும் இடத்துக்கு 'இயற்கைச் சந்தை' என்றே பெயர் வைத்து மதிக்கிறது. ஆனால் அதே சட்டம், ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் ரயிலுக்கும் பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது. மெட்ரோவுக்குத் தனிச் சட்டம், அதில் அனுமதியின்றி உள்ளே விற்றால் குற்றம். ஆக, நகரத்திலேயே ஜனங்கள் அதிகம் கூடும் இடம் எதுவோ, அங்கே பூக்காரம்மாவுக்கு நுழைவில்லை. படியின் கடைசிக் கல்வரைதான் அவர் எல்லை. அதற்குக் கீழே போலீஸ் ஜீப்.

இதையெல்லாம் ஓசூரை வைத்து ஏன் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோவை நீட்டலாமா என்று தமிழ்நாட்டுத் தரப்பில் சாத்தியக்கூறு ஆய்வு நடந்தது. பெங்களூர் மெட்ரோ ஓடுவது 750 வோல்ட் நேர்மின்சாரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவது தண்டவாளம் போட்டு. சென்னை மெட்ரோ ஓடுவது தலைக்கு மேலே கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில். இரண்டு முறையும் ஒரே தடத்தில் ஒட்டாது என்பது பெரிய முட்டுக்கட்டை. தண்ணீரில்தான் தகராறு என்றிருந்தோம், கரண்ட்டிலும் வந்துவிட்டது!

ரயிலுக்குக் காத்திருப்பது இந்த மண்ணுக்குப் புதுசில்லை. 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதை ரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்த இன்னொரு பாதை 1913-ல் ஓசூரை எட்டியது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1941-ல், இரண்டையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்கு அப்புறம் வேறு பாதை வந்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை. இத்தனை காலம் காத்திருந்த ஊருக்கு, வரும்போது ஒரு நல்ல ஸ்டேஷன் வர வேண்டாமா?

பாதை இன்னும் காகிதத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. காகிதத்தைத் திருத்துவது சுலபம். கான்கிரீட்டைத் திருத்த முடியாது. அதனால் இப்போதே கேட்டு வைப்போம்.

ஓசூர் நிலையத்தின் வரைபடத்தில் கடைக்கென்று ஒதுக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கை நாலடிக்கு நாலடியாகப் பிரியுங்கள். வருஷ ஒப்பந்தம் வேண்டாம், நாள் வாடகை. டெண்டர் வேண்டாம், மாநகராட்சி தந்த வியாபாரி அட்டை போதும், குலுக்கல் போட்டுக் கொடுங்கள். ஷிப்ட் பார்த்துத் திறங்கள். காலை ஐந்து மணிக்கு டிபன் பொட்டலம், சாயங்காலம் கீரையும் தக்காளியும், ராத்திரி பத்துக்கு மருந்துக்கடை. இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து இறங்குகிற பெண்ணுக்கு சிசிடிவி கேமராவைவிட, விளக்குப் போட்டு விழித்திருக்கும் ஒரு பூக்கடை பெரிய காவல். மீதி இரண்டு பங்கில் நூற்றிருபது ரூபாய் காபியும் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

அன்றைக்குப் பேச்சை முடித்துக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பூக்காரம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறி ஓடினார். நாலாவது படியில் செக்யூரிட்டி கை காட்டி நிறுத்தினார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தான், அவருக்கு அவர் வேலை. "கூடையோட மேல வராதேக்கா, கேமரா இருக்கு," என்றார் தாழ்ந்த குரலில்.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை எடுத்துக் கூடையை மூடினார். அவர் நனைந்தார், பூ நனையவில்லை. மேலே காலிக் கடைகளின் முன்னால் தரை காய்ந்துதான் கிடந்தது.