மடக்குக் கத்தி: எந்த எஃகை வாங்கலாம்?

மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் பிடியைப் பார்க்கிறார்கள், பூட்டைப் பார்க்கிறார்கள், அலகில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் எஃகின் பெயரைப் பார்ப்பதில்லை. கூர் எவ்வளவு நாள் நிற்கும், துரு ஏறுமா, வீட்டுச் சாணைக்கல்லுக்கு மசியுமா என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பெயர்தான்.

எஃகை எஃகோடு ஒப்பிட வேண்டுமானால் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் தொடங்கிய ஒப்பினெல் கத்தி இதற்கு மிகவும் தோது. 8-ஆம் எண் கத்தியில் 8.5 செ.மீ. அலகு, பீச் மரப் பிடி, 1955-ல் வந்த சுழல் வளையப் பூட்டு. எஃகு மட்டும் இரண்டு வகை: கார்பன், துருப்பிடிக்காத இனாக்ஸ். இரண்டையும் அடுப்படியிலும் பார்சல் பிரிக்கவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். விலை கூடிய எஃகு எப்படி என்று பார்க்க, எஸ்30வி எஃகில் செய்த ஸ்பைடர்கோ நிறுவனத்தின் பாரா மிலிட்டரி 2 கத்தியையும் சேர்த்துக்கொண்டேன்.

கார்பன்

இதில் கார்பன் சுமார் 0.9 சதவீதம், குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். சாணைக்கல்லுக்கு இவ்வளவு இணக்கமான எஃகு வேறில்லை. 1000 கிரிட் நீர்க்கல்லில், பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்த்துத் தேய்த்தால் மறுபக்கம் பிசிறு சீக்கிரமே எழும்பிவிடுகிறது. கட்டைவிரலை விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் அது தட்டுப்படும். திருப்பிப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்துத் தேய்த்து, கடைசியில் தோல்பட்டையில் சில இழுப்பு இழுத்தால் போதும். முன்கை முடி மழிகிறது. கனிந்த தக்காளியின் தோலில் அலகு தானாக இறங்குகிறது.

குறை, துரு. எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சில நிமிடங்களில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுகள் வரும். வாழைக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து அலகைக் கறுக்க வைக்கும். இந்தக் கறையால் கெடுதல் இல்லை. நன்றாகப் படிந்துவிட்டால் துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். செந்துருதான் கூரைத் தின்னும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில், ஈரத்தோடு மடக்கி வைத்துவிடக் கூடாது. உடனே துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிற பழக்கம் உள்ளவருக்குத்தான் கார்பன்.

இனாக்ஸ்

இது ஸ்வீடனில் உருவான 12சி27 குடும்பத்து எஃகு. சுமார் 14 சதவீதக் குரோமியம் அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்கி இரும்பைக் காக்கிறது. மாங்காய், புளி, மீன் எதை நறுக்கினாலும் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. சாணை பிடிக்கும்போது பிசிறு சற்று அடம்பிடிக்கும். விழாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். கையை லேசாக வைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால் போய்விடும். அதற்குப் பிறகு வெட்டும்போது கார்பனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எஸ்30வி

அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனம் 2001-ல் கத்திகளுக்காகவே இதைக் கொண்டுவந்தது. உருக்கிய எஃகை வாயுவால் பொடியாகச் சிதறடித்து, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். 1.45 சதவீதக் கார்பனும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்து, மிகக் கடினமான வனேடியம் கார்பைடுத் துகள்கள் எஃகு முழுவதும் சீராகப் பரவியிருக்கும். ஒப்பினெல் இரண்டையும் சீக்கிரம் மழுங்கடிக்கும் அட்டைப்பெட்டிகளை இது சளைக்காமல் கிழித்துக்கொண்டே போகிறது.

ஆனால் அந்தத் துகள்கள் சாணைக்கல்லின் அலுமினியம் ஆக்சைடை விடவும் கடினமானவை. சாதாரணக் கல்லில் தேய்த்தால் கைதான் வலிக்கும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். இன்னொன்று, இதன் அலகு 3.7 மி.மீ. தடிமன். ஒப்பினெல் அதில் பாதிகூட இல்லை. கேரட்டை நறுக்கும்போது ஒப்பினெல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. தடித்த அலகு பாதியில் கேரட்டைப் பிளந்துவிடுகிறது. எஃகு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், தடித்த அலகு மெல்லியதைப் போல வெட்டாது.

எண்களை மட்டும் நம்ப வேண்டாம்

குரோமியம் கூடினால் துரு குறையும் என்ற கணக்கு எப்போதும் சரிவராது. டி2 எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தும் துரு ஏறும், அதிலுள்ள 1.5 சதவீதக் கார்பன், குரோமியத்தில் கணிசமான பகுதியைக் கார்பைடாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. 2021-ல் வந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனாலும் துருவை நன்றாகத் தாங்கும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் அதை வடிவமைத்தபோது, குரோமியம் கார்பைடாக மாறாமல் எஃகில் கரைந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

கடினத்தன்மையும் அப்படித்தான். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் அலகுகள் ராக்வெல் அளவில் 56; எஸ்30வி-க்குப் பொதுவாக 58 முதல் 61. மென்மையான அலகு கல்லிலோ எலும்பிலோ பட்டால் விளிம்பு மடங்கும், நிமிர்த்திவிடலாம். கடினமானது சில்லாகப் பெயர்ந்தால், அந்தப் பள்ளம் மறையும்வரை தேய்த்தே தீர வேண்டும். ஒரே பெயருள்ள எஃகுகூடச் சூடேற்றிப் பதப்படுத்தும் விதத்தால் வேறு வேறாக நடந்துகொள்ளும். ஆகவே பதம் பிடிப்பதில் பெயரெடுத்த தயாரிப்பாளரிடம் வாங்குங்கள்.

என் தீர்ப்பு

நாள் முழுக்க அட்டையும் கயிறும் அறுக்கிறவர், வைரத் தகடும் வாங்கத் தயார் என்றால், எஸ்30வி காசுக்குத் தகும். சாணை பிடிப்பதை ரசித்துச் செய்கிறவருக்குக் கார்பன். மற்ற எல்லோருக்கும், முதல் கத்தி வாங்குகிறவருக்குக் கட்டாயமாக, 12சி27 அல்லது நைட்ரஜன் சேர்த்த 14சி28என் போன்ற எளிய துருப்பிடிக்காத எஃகைத்தான் சொல்வேன். அதில் மிஞ்சும் பணத்துக்கு நல்ல கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழுங்கிப்போன உசத்தி எஃகை விட, வீட்டில் நீங்களே தீட்டிக்கொள்ளும் எளிய எஃகு எந்த நாளும் நன்றாக வெட்டும்.