யாருடைய அவசரம்? - அவை விதிகளைப் பிரதியாக வாசித்தல்

சட்டமன்ற, நாடாளுமன்ற நடைமுறை விதிகளை நம்மில் யாரும் பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. வக்கீல்களும் செயலகத்தாரும் புரட்டுகிற வறண்ட புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அதிகாரம் தன்னைப் பற்றிக் குறைவாகப் பொய் சொல்கிற இடம் இத்தகைய வறண்ட பக்கங்கள்தான் என்பது என் எண்ணம்.

மக்களவை விதி 56இல் தொடங்கும் ஒத்திவைப்புத் தீர்மானப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு, 'அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த திட்டவட்டமான' ஒரு பொருளைப் பேசும்படி உறுப்பினர் கேட்கலாம். சபாநாயகர் இசைய வேண்டும். எதிர்ப்பு வந்தால் 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். பொருள் அண்மையில் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். நீதிமன்ற விசாரணையில் இருக்கக் கூடாது. இந்த வாசலில் நுழைகிற துயரம் எது, வெளியே நின்றுவிடுகிற துயரம் எது?

இந்தச் சொற்களுக்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் முன்பு எந்த உறுப்பினரும் ஒத்திவைப்பு கோரி எதையும் பேசலாம். பார்னெல் தலைமையிலான ஐரிஷ் உறுப்பினர்கள் இதை ஆயுதமாக்கினார்கள். அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவை எதிர்த்து 1881 ஜனவரி 31 தொடங்கிய கூட்டம் 41 மணி நேரம் நீண்டது. கடைசியில் சபாநாயகர் பிராண்ட் தன் சொந்த அதிகாரத்தில் விவாதத்தை முடித்தார். அடுத்த ஆண்டே, 1882இல், புதிய நிலையாணை வந்தது: பொருள் திட்டவட்டமாக இருக்க வேண்டும், அவசரமாக இருக்க வேண்டும், 40 பேர் எழுந்து நிற்க வேண்டும். ஆக, 'அவசரம்' என்கிற இந்த வகைமை, பேசவிடாமல் செய்வதற்கான ஏற்பாடுகளில் ஒன்றாகவே உருவானது. 1919 சீர்திருத்தத்தின் வழி அது இந்தியச் சபைகளுக்குள் வந்தது. விடுதலைக்குப் பின்னும் நாம் அதை வைத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், விடுதலை பெற்ற அயர்லாந்தும் வைத்துக்கொண்டது. டப்ளின் சபையிலும் பொருள் குறிப்பானதாக, அவசரமானதாக இருக்க வேண்டும். 12 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். காலனியாதிக்கம் போனபின்னும் அதன் இலக்கணம் தங்கிவிடுகிறது.

இனி மதுரைக்கு வருவோம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை. தேர்தலுக்கு நாள் குறிப்பார்கள், மனு வராது. வந்தால் திரும்பப் பெறப்படும். ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்தால், பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006இல்தான் இது முடிவுக்கு வந்தது. இந்தப் பத்தாண்டில் எந்த நாள் 'அண்மை நிகழ்வு'? ஒன்றுமே நடக்கவில்லை, நடக்கவிடாமல் வைத்திருந்ததுதான் அங்கே நடந்தது. சபைகளில் இது பேசப்படவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்படி நீண்டு கிடக்கிற மறுப்பை 'அவசரம்' என்று பெயரிட அந்த இலக்கணத்தில் வினைச்சொல் கிடையாது என்கிறேன்.

அதற்கு வேண்டியது ரத்தம். மேலூர் வட்டம் மேலவளவிலும் அதே 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கும் வாக்குச்சாவடிச் சூறையாடலுக்கும் இடையில் முருகேசன் தலைவரானார். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்புகையில், 1997 ஜூன் 30 அன்று, பேருந்தை மறித்து அவரையும் துணைத்தலைவர் மூக்கன் உள்ளிட்டோரையும் வெட்டிக் கொன்றார்கள். முந்தின நாள் வரை, உயிருக்கு ஆபத்து என்ற அவர் பயம் ஒரு 'உள்ளூர்ப் பிரச்சினை'. மறுநாள் அதுவே அவசரப் பொது முக்கியத்துவம். கண்ணகிக்குப் பாண்டியன் வாசல் திறந்ததும் கோவலன் செத்த பிறகுதானே!

அப்புறம் வழக்கு. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2001இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2009இல். முன்சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து வாசியுங்கள். வழக்கு நடக்கும்வரை பேசக் கூடாது, அது நீதிமன்றத்தில் இருக்கிறது. வழக்கு முடிந்தபின் பேச முடியாது, அது பழசாகிவிட்டது. பொறி வைக்க இதைவிட நேர்த்தியான வாக்கியம் வேண்டுமா?

மறுபக்கம், அரசின் அவசரத்துக்கு இத்தனை காவல் கிடையாது. நம் பேரவை விதி 110இன் கீழ் அமைச்சர் ஓர் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதமே இல்லை. 2023 ஜூலையில் மாநிலங்களவையில் மணிப்பூரை விதி 267இல் பேசுவதா 176இல் பேசுவதா என்று இழுபறி நடந்துகொண்டிருந்தது. மக்களவையும் அதே மணிப்பூர் அமளியில் கிடந்தது. அந்த அமளிக்கு நடுவே ஜூலை 28 அன்று, சுரங்கச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறிவிட்டது. டங்ஸ்டன் முதலான கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்த திருத்தம் அது. ஒரு துயரத்துக்கு எந்த வாசல் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு துயரம் பின்வாசல் வழியாக மேலூருக்குக் கிளம்பிவிட்டது.

2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் கொதித்தன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனம் நடந்தே வந்தது. ஜனவரி 23இல் ஏலம் ரத்து. மொத்தம் 77 நாள். இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. சபை கொடுக்காத அவசரத்தைச் சாலையே எழுதிக்காட்டியது.

ஆனால் தோழர்கள் ஒரு சங்கடமான கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அரிட்டாபட்டியும் மேலவளவும் ஒரே மேலூர் வட்டம். நிலத்துக்காக ஊரே திரண்டது. அதனால் 77 நாள். நாற்காலிக்காக ஊர் ஊராகவும் சேரியாகவும்தான் நின்றது. அதனால் உசிலம்பட்டிப் பக்கம் பத்தாண்டு, மேலூர்ப் பக்கம் பிணங்கள். 50 பேர் எழுந்து நிற்க வேண்டும் என்கிற விதி சபைக்குள் மட்டும் இல்லை. நம் தெருக்களிலும் அது எழுதப்படாமல் அமலில் இருக்கிறது. எண்ணிக்கை உள்ளவன் வலிதான் அவசரம். மத்தவன் வலி 'பார்த்துக்கலாம்'.

கேள்வி நேரத்துக்குப் பின் நேரமில்லா நேரம் இருக்கிறதே, கவன ஈர்ப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. அதிலும் எதை எடுப்பது என்று ஒருவர் முடிவு செய்கிறார். விருப்பத்தின்பேரில் திறக்கிற கதவு உரிமையாகாது.

எனவே கோரிக்கையைத் திட்டவட்டமாகவே வைப்போம், அவர்களுக்குப் பிடித்த சொல்லாயிற்றே. ஒதுக்கப்பட்ட ஓர் ஊராட்சியில் இரண்டாம் முறையும் தேர்தல் நடக்காமல் போனால், அல்லது தலைவர் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால், சபாநாயகர் இசைவோ எழுந்து நிற்கும் தலைகளோ தேவைப்படாமல் அது தானாகவே அடுத்த கூட்டத்தின் முதல் அலுவலாக வேண்டும். 'அண்மை நிகழ்வு' என்பதோடு 'தொடரும் மறுப்பு' என்ற இரண்டு சொற்களையும் விதியில் சேர்க்க வேண்டும். சின்னத் திருத்தம்தான். முருகேசன் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனபோது இப்படி ஒரு வரி இருந்திருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அது அவசரமாகியிருக்கும்.