அடைத்த கதவும் அடையாத ஓலையும்

ரோமியோ யூலியற் நாடகத்தின் முடிவு குறையுடையது எனக் கூறுந் திறனாய்வாளர் பலர். காதலர் மாய்தற்குக் காரணம் அவர்தங் குணமன்று. ஓலையொன்று உரிய காலத்திற் சென்று சேராமையே. தற்செயலால் விளையுந் துன்பம் அவலச்சுவைக்கு அடிப்படையாகாது என்பது அவர் கருத்து. இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்வாம்.

கொள்ளைநோய் காரணமாக இலண்டன் நாடக அரங்குகள் 1592 முதல் 1594 வரை, இடையிற் சில கிழமைகள் தவிர, மூடப்பட்டிருந்தன. நடிகர் பிழைப்புத் தேடி ஊரூராய் அலைந்தனர். சேக்ஸ்பியர் அக்காலத்திற் செய்யுள் நூல்கள் இரண்டினை வெளியிட்டார். இந்நாடகம் 1595ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர். நோய் கண்ட வீட்டைப் பூட்டி உள்ளாரை உள்ளேயே அடைத்தல் அந்நகரத்து வழக்கம். ஆகவே, ஐந்தாம் அங்கத்தில் யோன் துறவி தாம் அடைபட்ட செய்தியைக் கூறுங்கால், அவையோர் அதனைப் புதுமையாகக் கொண்டிரார்.

கதைக்கு மூலமாகிய ஆதர் புறூக்கின் 1562ஆம் ஆண்டுச் செய்யுளிலும் இந்நோய் உண்டு. ஆங்குத் துறவி மாந்துவா நகரை அடைந்தபின், மடத்தில் ஒருவர் இறந்தமையால் அடைபடுகிறார். சேக்ஸ்பியரோ அவரை வெறோனாவிலேயே நிறுத்திவிடுகிறார். வழித்துணையாக அவர் தேடிச் சென்ற துறவி நோயாளரைப் பேணிக்கொண்டிருந்தவர். அவ்வீட்டில் நோயுண்டென ஐயுற்ற நகரச் சோதனையாளர் கதவை அடைத்தனர். மாற்றஞ் சிறிது, பொருள் பெரிது. பிறர்பால் அன்பு செய்த இடத்திலேயே காதலரின் ஓலை தங்கிவிடுகிறது.

அடைபடுதல் இந்நாடகத்தின் ஈற்றில் மட்டும் வருவதன்று. தோட்டத்து மதில், தந்தையின் ஆணை, நாடுகடத்தல், கல்லறை எனச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. புறூக்கில் ஏறத்தாழ ஒன்பது திங்கள் நிகழுங் கதை ஈண்டு ஐந்து நாளில் முடிகிறது. காலமும் ஒரு சிறையாகிறது. மதிலை ரோமியோ ஏறிக் கடந்தான். பூட்டிய கதவைக் கடத்தல் ஒருவருக்கும் இயலவில்லை.

நோய் தற்செயலாக வந்தது உண்மையே. ஆயின், குடிப்பகை இல்லாத ஊரில் மறைவான ஓலைக்கே தேவை எழுந்திராது. நோய் ஓலையைத் தடுத்தது. அதற்கு உயிரையே விலையாக்கியது பகை. ஆதலின், நேரங் கருதி அத்துறவியின் சிறு காட்சியை நீக்க எண்ணும் நாடக மாணவர், தாம் நீக்குவது நாடகத்தின் நெஞ்சினையே என்பதை உணர்வாராக.