திருப்புளி வைத்துக் கேட்கும் வைத்தியம்

பழைய டிராக்டரின் கியர்பாக்ஸ் கத்தினால் பட்டறையில் முதலில் வெளியே வருவது நீளமான திருப்புளிதான். மெக்கானிக் அதன் நுனியை ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுகிறார். சற்று நேரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "லே ஷாப்ட் பேரிங் போயிருச்சு."

இந்த முறையை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டியில் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். உழவு நேரத்தில் அதற்கு யார் சம்மதிப்பார்? செலவே இல்லாத சோதனையை முதலில் செய்வதுதான் புத்தி. தேய்ந்த பேரிங்கின் விடாத உறுமலையும், உடைந்த பல் சுற்றுக்கொரு முறை போடும் 'டக்'கையும் பழகிய காது தவறாமல் பிரித்துவிடும்.

ஆனால் என்ன சத்தம் என்று சொல்லும் காதால், எங்கிருந்து வருகிறது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. இந்த வகை டிராக்டருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்அச்சு ஆகிய வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததே வண்டியின் உடல். முன்னால் பிறந்த சத்தம் பின்னால் வரை ஓடும். திருப்புளியை நம்பி பேரிங் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருப்பதில் ஆச்சரியமில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்கக் கிளட்ச் பெடலும் கியர் லீவரும் போதும். நியூட்ரலில் உறுமி, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கோளாறு கியர்பாக்ஸின் முன்பகுதியில். மிதித்தால் மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். ஒரே கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் பல். லோவில் மூன்று கியரிலும் வந்து, ஹையில் இல்லாவிட்டால் லோவுக்கு வேகத்தைக் குறைக்கும் எபிசைக்ளிக் கியர் தொகுதியைப் பார்க்கலாம். நேராக ஓடும்போது இல்லாத சத்தம் திரும்பும்போது வந்தால் டிஃபரன்ஷியல். இரட்டைக் கிளட்ச் வண்டியில் இன்னொரு வசதியும் உண்டு: பெடலைப் பாதி மிதித்தால் வண்டி ஓட்டம் மட்டும் நிற்கும், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு சுற்றும். முழுதும் மிதித்தால்தான் அதுவும் லிஃப்ட் பம்பும் நிற்கும். பாதியில் தொடர்ந்து, முழு மிதியில் அடங்கும் சத்தத்துக்குக் கியர்பாக்ஸைக் குறை சொல்லக் கூடாது.

இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. பட்டறைத் தரையில் வண்டிக்குப் பாரமில்லை. கலப்பை மண்ணில் இறங்கி இழுக்கும்போது மட்டும் வரும் சத்தத்தை அங்கே எத்தனை முறை லீவரை மாற்றினாலும் வரவழைக்க முடியாது.

பலர் தவிர்ப்பது ஆயிலைப் பார்ப்பதை. டிரெயின் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலைத் தட்டில் பிடித்துக் காந்தத்தை ஓட்டினால் போதும். ஒட்டும் துகள் எஃகு. அது பல்லாகவோ பேரிங்காகவோ இருக்கும். ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது புஷ். சேற்றுழவு ஓட்டிய வண்டியில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அதே வேலை திரும்பவும் வரும்.

மாறாக, சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சத்தம் குறையும், உண்மைதான். பழைய வண்டி விற்பவருக்கு அது போதும். ஆனால் இந்த வண்டிகளில் லிஃப்ட் பம்பும் அதே ஆயிலைத்தான் உறிஞ்சுகிறது. கெட்டி ஆயிலை இழுக்கத் திணறிப் பம்பே இரைய ஆரம்பித்தால் ஒரு கோளாறு இரண்டாகும்.

கோளாறே இல்லாத சத்தமும் உண்டு. நேர்பல் வெட்டிய பழைய ஸ்லைடிங் மெஷ் கியர் பிறவியிலேயே இரையும். புது வண்டி ஓட்டிப் பழகியவருக்கு அது நோயாகத் தெரியும். இதே வண்டியில் பல பருவம் உட்கார்ந்த டிரைவருக்குத்தான் சத்தம் எப்போது மாறியது, எந்தக் கியரில், இழுவையிலா இறக்கத்திலா என்பது தெரியும். மெக்கானிக்கின் திருப்புளியைவிட அந்தக் காதுக்கு நான் அதிக மதிப்பு தருவேன். ஆனால் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் உரிமையாளர்; டிரைவர் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருப்பார்.